எந்தக் காப்பி மேக்கர் அதிக நாள் உழைக்கும்?

காப்பி மேக்கர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் வாரண்டியையும் பார்க்கிறார்கள். கனமாக இருந்தால் நன்றாக உழைக்கும் என்று கையில் தூக்கிப் பார்க்கிறவர்களும் உண்டு. இவை எல்லாமே ஓரளவுக்குத்தான் உதவும். பத்தாயிரம் ரூபாய் மெஷின் ஒரு சின்ன ரப்பர் வளையம் கிடைக்காமல் பரணுக்குப் போகிறது. சில நூறு ரூபாய் எவர்சில்வர் ஃபில்டர் மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குப் போகிறது. இரண்டும் நம் வீடுகளில் நடக்கிறதுதான். அதனால் நான் கேட்கிற கேள்வி வேறு: இந்தப் பொருளில் முதலில் கெடப்போகிற பாகம் எது, அது நம் ஊரில் கிடைக்குமா?

பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் தளர்ந்தால் தெருமுனைப் பாத்திரக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வெயிட் தொலைந்தாலும், சேஃப்டி வால்வ் போனாலும், கைப்பிடி உடைந்தாலும் அதே கடைதான். குக்கர் இருபது வருஷம் ஓடுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கடை. காப்பி மேக்கரையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன்னால், வீட்டில் குடிப்பது பால் காப்பியா கறுப்புக் காப்பியா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நீடித்து உழைக்கிற காப்பி மேக்கர் எது என்று இணையத்தில் தேடினால் மோக்காமாஸ்டர் என்ற பெயர் முதலில் வந்து நிற்கும். டெக்னிவோர்ம் என்ற நிறுவனம் நெதர்லாந்தில் அமரோங்கன் என்ற ஊரில் 1960-களின் கடைசியிலிருந்து செய்துவருகிற மெஷின் அது. செம்பு ஹீட்டர், ஐந்து வருஷ வாரண்டி, பாகங்கள் தனித்தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கும். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது போடுவது ஒன்றேகால் லிட்டர் மெல்லிய கறுப்புக் காப்பி. அந்தக் காப்பிக்கு லிட்டருக்கு 55 முதல் 60 கிராம் தூள் கணக்கு. நம் வீட்டில் 150 மில்லி தண்ணீருக்கு 30 கிராம் தூள் போட்டால் அது லிட்டருக்கு 200 கிராம், மூன்று மடங்குக்கும் மேல். மோக்காமாஸ்டரில் இறக்கிய காப்பியில் பாலை ஊற்றினால் நிறம் மாறிய பால்தான் மிஞ்சும். அது எத்தனை வருஷம் உழைத்து நமக்கு என்ன ஆகப்போகிறது? தூளை வெந்நீரில் ஊறவைத்து வலைத் தகட்டால் அழுத்தி வடிக்கிற ஃபிரெஞ்சு பிரஸும் டிகாக்ஷன் இறக்குகிற வீட்டுக்கு இதே காரணத்தால் ஒத்துவராது. போதாததற்கு அதன் கண்ணாடிக் குவளை பாத்திரம் தேய்க்கும் தொட்டியிலேயே உடைந்துபோகும். கறுப்புக் காப்பி குடிக்கிறவர்கள் அதை வாங்குவதானால் எவர்சில்வர் குவளை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

சரி, டிகாக்ஷனுக்கு வருவோம்.

எவர்சில்வர் ஃபில்டர்

இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? மின்சாரம் கிடையாது, ரப்பர் கிடையாது. மேல் பாத்திரம், கீழ் பாத்திரம், குடை, மூடி, அவ்வளவுதான். ஆனாலும் ஃபில்டர்களுக்கும் சாவு வரத்தான் செய்கிறது.

பெரும்பாலான ஃபில்டர்கள் ஓட்டை அடைத்தே சாகின்றன. காப்பித் தூளில் எண்ணெய் இருக்கிறது. சிக்கரி ஈரம் பட்டால் பசையாக இறுகும். தினமும் வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் சில மாதத்தில் டிகாக்ஷன் இறங்க ராத்திரி முழுக்க ஆகும். ஃபில்டர் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பழசாகவெல்லாம் இல்லை. கொதிநீரில் சமையல் சோடா கரைத்து மேல் பாத்திரத்தை அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் திறந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் கேஸ் அடுப்பில் சிறு தீயில் ஒரு நிமிஷம் காட்டுவார்கள். அடைத்த தூள் கருகி உதிரும். இதை வாரா வாரம் செய்தால் அடித்தகடு நெளிந்துபோகும், எப்போதாவது செய்யலாம். ஊசியை வைத்துக் குத்துவது மட்டும் வேண்டாம். ஓட்டை பெரிதானால் தூள் கீழே இறங்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அடுத்தது நசுங்கல். மேல் பாத்திரம் கீழ் பாத்திரத்தின் வாயில் செருகி உட்காருகிறது. ஒரு முறை கீழே விழுந்து வட்டம் கோணினால் உட்காராது, உட்கார்ந்தால் கழற்ற வராது. மெல்லிய தகட்டில் செய்த ஃபில்டருக்கு இதுதான் எமன். கடையில் வாங்கும்போது இரண்டையும் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். சுற்றிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். ரொம்ப இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. கீழே உள்ள காற்று வெளியே வர வழியில்லாவிட்டால் டிகாக்ஷன் சொட்டாமல் நின்றுவிடும். வீட்டில் மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கிவிட்டு வைப்பார்களே, அது இந்தக் காற்றை விடுவதற்குத்தான். அப்புறம் மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டைகள் சீராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தகடு எந்த ரகம் என்பதையும் கேளுங்கள். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, உப்புத் தண்ணீருக்குச் சீக்கிரம் புள்ளி விழும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சில கடைக்காரர்கள் செய்து காட்டுவார்கள். 202-இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. அடியில் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்கள், பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கடலோர ஊர்களிலும் போர்த் தண்ணீர் புழங்குகிற வீடுகளிலும் 304-க்கான கூடுதல் விலை வீண் போகாது.

இன்னொரு விஷயம், அளவு. நாலு பேர் இருக்கிற வீடு என்று பெரிய ஃபில்டர் ஒன்று வாங்கி அதில் இரண்டு பேருக்குப் போட்டால் தூள் மெல்லிய அடுக்காகப் பரவி, தண்ணீர் ஓடிவிடும். டிகாக்ஷன் தண்ணியாக இருக்கும். ஒரு பெரியதைவிட இரண்டு நடுத்தர ஃபில்டர்கள் நல்லது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒன்று ஊறிக்கொண்டிருக்கும்போது மற்றது வேலை செய்யும்.

பித்தளை

நெடுஞ்சாலை ஓரங்களில் கும்பகோணம் டிகிரி காப்பி பலகைகள் பெருகியதிலிருந்து பித்தளை ஃபில்டருக்கும் டபரா டம்ளருக்கும் மவுசு கூடிவிட்டது. பார்க்க அழகு, சந்தேகமில்லை. பித்தளை சூட்டைப் பிடித்துவைக்கும், அதனால் டிகாக்ஷன் திக்காக இறங்கும் என்பார்கள். கனமான பாத்திரம் முதலில் தண்ணீரின் சூட்டைத் தான் உறிஞ்சிக்கொள்ளும். கொதிநீர் ஊற்றி அலசிச் சூடாக்கிவிட்டுத் தூள் போட்டால்தான் அந்தக் கனத்தால் லாபம். இதை எவர்சில்வரிலும் செய்யலாம். ருசி வித்தியாசத்தில் பெரும்பங்கு தூளுக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் உரியது என்பது என் அபிப்பிராயம்.

உழைப்பைப் பொறுத்தவரை பித்தளையின் உடல் நூறு வருஷம் தாங்கும். முதலில் போவது உள்பூச்சு. காப்பி லேசான அமிலம். பூச்சு தேய்ந்த பித்தளையில் அது ராத்திரி முழுக்க நிற்பது நல்லதில்லை. முன்பு ஈயம் பூசுகிறவர் தெருவிலேயே உட்கார்ந்து பூசிக் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை மாதிரி ஊர்களில் பாத்திரக் கடைத் தெருவில் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பூச வேண்டியது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் உடம்புக்குக் கேடு, கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியாது. நம்பிக்கையான ஆள் பக்கத்தில் இருந்தால் பித்தளை வாங்கலாம். இல்லையென்றால் ஷோகேஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டில் ஓடும் டிகாக்ஷன் மெஷின்

வீட்டுக்கான மின்சார டிரிப் மெஷின் 1954-இல் ஜெர்மனியில் விகோமாட் என்ற பெயரில் வந்தது. இன்று ப்ரீத்தி போன்ற நிறுவனங்கள் நம் ஊர் டிகாக்ஷனுக்கென்றே விற்பவையும் அதே தத்துவம்தான். தொட்டித் தண்ணீர் ஒரு வால்வ் வழியாக அடியில் உள்ள குழாய்க்கு வருகிறது. குழாயோடு ஒட்டிய ஹீட்டர் அதைக் கொதிக்கவைக்கிறது. நீராவிக் குமிழிகள் தண்ணீரை மேலே தள்ளுகின்றன, அது தூள் மேல் சொட்டுகிறது. மோட்டாரோ பம்போ கிடையாது. அதனால் பழுதுகளும் கொஞ்சம்தான், எல்லாவற்றுக்கும் பெயர் தெரியும்.

உப்புத் தண்ணீர் ஊரில் முதலில் அடைவது அந்தக் குழாய். வால்வின் சிலிக்கோன் ரப்பர் இறுகிவிட்டால் மெஷின் குடுகுடு என்று சத்தம் போடும், தண்ணீர் மட்டும் மேலே ஏறாது. மூன்றாவது, திடீரென்று உயிரே இல்லாமல் போவது. பெரும்பாலும் உள்ளே இருக்கிற, சூடு மிஞ்சினால் அறுந்து கரண்டை நிறுத்துகிற தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். அது சில பத்து ரூபாய் பாகம். மிக்ஸி ரிப்பேர் கடையில் மாற்றித் தருவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுவார்கள். மெஷின் ஓடும்; தண்ணீர் தீர்ந்த பிறகு சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டும் ஏமாற்றினால் நெருப்புப் பிடிக்கும். அதே அளவு ஃபியூஸ் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்து வாங்கிவாருங்கள்.

ஆனால் இந்த மெஷின்கள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இவற்றால் அல்ல, கண்ணாடி ஜாடி உடைவதால். ஜாடிக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. அதை மட்டும் தனியாக வாங்கப் போனால் கிடைக்காது, அல்லது புது மெஷினே வாங்கிவிடலாம் என்கிற விலை சொல்வார்கள். ஆகவே எவர்சில்வர் ஜாடி உள்ள மாடலைத் தேடுங்கள். இல்லையென்றால், ஜாடி தனியாகக் கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அடியிலுள்ள சூட்டுத் தட்டை நம்பாதீர்கள்; அரைமணிக்கு மேல் அதில் நின்ற டிகாக்ஷன் கசந்துபோகும்.

தூளையும் கவனிக்க வேண்டும். சட்டப்படி காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள். சிக்கரி அதிகமான நைஸ் தூளைப் போட்டால் வலை அடைத்து, மேலே பொங்கி மேடையெல்லாம் வழியும். பொடிக் கடையில் அரைக்கும்போதே சற்று கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள், சிக்கரியை இருபது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஃபில்டர் அளவுக்கு உழைக்காது. ஆனாலும் வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கொதிக்கிற தண்ணீரைக் கிடுக்கியில் பிடித்து ஒரு சின்ன வாய்க்குள் ஊற்றுவது நடுங்குகிற கைக்கு ஆபத்து. இறுகிப்போன ஃபில்டரைத் திருகிக் கழற்ற மணிக்கட்டில் பலம் வேண்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றி ஸ்விட்சைத் தட்டினால் போதும் என்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. தானாக அணைகிற வசதி இருக்க வேண்டியது கட்டாயம்.

மோக்கா பாட்

1933-இல் இத்தாலியின் கிருசினாலோவில் அல்ஃபோன்சோ பியாலெட்டி அறிமுகப்படுத்திய எண்கோணப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே டிகாக்ஷன். அடுப்பில் வைத்தால் நீராவி அழுத்தம் தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். 2016-இல் அவர் மகன் ரெனாட்டோ இறந்தபோது அஸ்தியை ஒரு பெரிய மோக்கா பாட்டில் வைத்தே அடக்கம் செய்தார்கள். சொந்தத் தயாரிப்பின் மேல் அதற்கு மேல் யாரும் நம்பிக்கை வைத்துவிட முடியாது.

குக்கர் அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண். தேய்கிற பாகங்கள் கேஸ்கெட்டும் சல்லடைத் தகடும்தான். பாத்திரக் கடையில் கிடைக்காது, ஆனால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பிரபலமான கம்பெனியின் வழக்கமான அளவு வாங்கினால் பத்து வருஷம் கழித்தும் கேஸ்கெட் கிடைக்கும். பெயரில்லாத மாடலின் கேஸ்கெட் எதற்கும் பொருந்தாது. அலுமினிய மோக்கா இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. ஈரத்தோடு மூடிவைத்தால் உள்ளே வெள்ளை பூக்கும், டிஷ்வாஷரில் போட்டால் கறுத்துப்போகும். கொஞ்சம் கூடக் கொடுத்து இண்டக்ஷனுக்கும் ஏற்ற எவர்சில்வர் ரகம் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியில் மூன்று கப் என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள்: அந்த கப் ஒன்று ஐம்பது மில்லிக்குள்தான். மூன்று கப் மோக்காவின் டிகாக்ஷன் பால் காப்பியாக இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

இதில் சிக்கரித் தூளை அழுத்தி அடைக்கக் கூடாது. வழி அடைத்தால் சேஃப்டி வால்வ்தான் காப்பாற்ற வேண்டும், அந்த வால்விலும் உப்புப் படிந்திருந்தால் யோசித்துப் பாருங்கள். சிக்கரி இல்லாத தூள், தளர்வாக நிரப்பியது, வால்வுக்குக் கீழே வரை தண்ணீர். சிக்கரி வாசம் இல்லாமல் காப்பி தொண்டையில் இறங்காதவர்கள் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எஸ்பிரெஸோ மெஷின், கேப்ஸ்யூல்

பெட்டியில் ‘பதினைந்து பார்’ (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எஸ்பிரெஸோவுக்கு வேண்டியது ஒன்பது பார். பதினைந்து என்பது பம்பின் அதிகபட்சத் திறன். உழைப்புக்குப் பார்க்க வேண்டியது தூள் போடுகிற கைப்பிடிக் கூடையின் விட்டம். 58 மில்லிமீட்டர் என்பது கடைகளில் ஓடும் பெரிய மெஷின்களின் அளவு. அதற்குக் கூடை, கேஸ்கெட், சல்லடை எல்லாம் எத்தனையோ பேர் செய்கிறார்கள். 1991-இல் வந்த காஜியா கிளாசிக்கும் 1997-இல் வந்த ரான்சிலியோ சில்வியாவும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். பம்ப், வால்வ், கேஸ்கெட் என்று எதையும் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கழற்றி மாற்றலாம். விலை குறைந்த மெஷின்களில் பிளாஸ்டிக் உடலை ஒட்டியே மூடியிருப்பார்கள், திறந்தால் உடையும்.

நம் ஊரில் சிக்கல் வேறு. நல்ல மெஷின்கள் இறக்குமதிச் சரக்கு, சர்வீஸ் ஆள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். 1000 முதல் 1500 வாட் வரை இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது. காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினைத் தனியாக வாங்க வேண்டும், அதன் விலையும் லேசானது இல்லை. தானே கழற்றி மாட்டுவதில் ஆர்வம் இருக்கிறவர்களுக்கு அருமையான பொழுதுபோக்கு. காலையில் அவசரமாக ஒரு காப்பி வேண்டும் என்கிறவர்களுக்கு வேண்டாத வேலை.

ஒரு கப்புக்கான தூளைச் சின்னக் குப்பியில் அடைத்து விற்கிற கேப்ஸ்யூல் மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெஸ்பிரெஸோ 1986-இல் விற்பனையைத் தொடங்கிய முறை இது. மெஷின் நன்றாகவே இருந்தாலும் அந்த கேப்ஸ்யூல் நம் ஊரில் கிடைக்கிற வரைக்கும்தான் அதற்கு ஆயுள்.

தண்ணீர்

மின்சார மெஷின் எதை வாங்கினாலும் அதன் ஆயுளில் பாதியைத் தீர்மானிப்பது வாரண்டி அட்டையில் இல்லாத தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. 600-ஐத் தினமும் கொதிக்கவைக்கிற குழாய் சில மாதத்தில் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். குடிக்கிற ஆர்ஓ தண்ணீரையோ கேன் தண்ணீரையோதான் ஊற்ற வேண்டும். மாதம் ஒரு முறை மளிகைக் கடை எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, தூள் போடாமல் ஓட்டி, பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர் ஓட்டிவிடுங்கள். காப்பி இறங்க வழக்கத்தைவிட நேரமானால் மாதக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆக, என்னிடம் கேட்டால்: தினமும் பால் காப்பி குடிக்கிற குடும்பத்துக்கு 304 எவர்சில்வரில் இரண்டு ஃபில்டர். அறை எடுத்துத் தங்கியிருக்கிற தனி ஆளுக்கு எவர்சில்வர் மோக்கா. ஊரில் தனியாக இருக்கிற அம்மா அப்பாவுக்குக் கரண்டு மெஷின், ஆனால் அவர்கள் இருக்கிற ஊரிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியாகப் பார்த்து. பழைய ஃபில்டரையும் தூக்கிப் போட வேண்டாம், கரண்டு போகிற நாளைக்கு ஆகும். மோக்காவோ எஸ்பிரெஸோவோ வாங்குகிறவர்கள் வாங்கும் அன்றே கேஸ்கெட் இரண்டு கூடுதலாக வாங்கி, பில்லோடு சேர்த்து அதே பெட்டியில் போட்டுவைத்துவிடுங்கள்.